ஜப்பானியர் காலத்து மலாயா வங்கித் தாள்களைச் சேகரிப்பது எப்படி?

மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜப்பானியர் ஆண்ட காலத்துப் பழம்பொருள் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது வாழைமரம் அச்சிட்ட 10 வெள்ளி (மலாயா டாலர்) நோட்டுதான். அது எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு, பார்ப்பதற்கும் அழகு. ஆனால் அக்காலத்துச் சாமானியக் குடும்பம் ஒன்று என்ன சம்பாதித்தது, எதைச் சேமித்தது, எந்த மாதத்தில் கையிருப்பை எல்லாம் எடுத்துச் செலவழித்தது என்று அறிய விரும்புகிறவருக்கு அந்த நோட்டால் அதிகப் பயனில்லை. அதில் யாருடைய பெயரும் இல்லை, நாளும் இல்லை, பணத்தைக் கொடுத்தவர் வாங்கியவர் கையெழுத்தும் இல்லை. அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம், காசோலை, பணம் கட்டிய சீட்டு, மணியார்டர் கூப்பன், புரோநோட்டு, செட்டியார் கடைப் பேரேடு ஆகியவற்றில் இவையெல்லாம் இருக்கின்றன. ஆகவே, புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு வாழைமர நோட்டை ஒப்பீட்டுக்காக வாங்கி வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தையும் நேரத்தையும் இந்தத் தாள்களுக்குச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்பட்டால் எதுவும் சேராது. ஊர் ஒன்று, தாள்வகை ஒன்று என்று தொடங்குவது நல்லது. பினாங்கின் சேமிப்புப் புத்தகங்கள், அல்லது கோலாலம்பூரின் காசோலைகள், அல்லது தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு மலாயாவிலிருந்து வந்த மணியார்டர் கூப்பன்கள் என்ற அளவே போதுமானது. அதைவிடச் சிறந்தது, ஒரே ஆளின் அல்லது ஒரே குடும்பத்தின் தாள்கள் பிரிக்கப்படாமல் ஒரு கட்டாகக் கிடைத்தால் அதை வாங்குவது. தனித்தனியாக அழகான பத்துத் தாள்களைவிட, அழுக்கேறிய ஒரே கட்டில் உள்ள பத்துத் தாள்கள் ஒன்றையொன்று விளக்கும்.

கால எல்லையைப் போர்க்காலத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பினாங்கு 1941 டிசம்பரிலும், கோலாலம்பூர் 1942 ஜனவரி 11 அன்றும், சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்றும் ஜப்பானியர் கைக்குப் போயின. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். இதனால் 1942 ஜனவரி நாளிட்ட காசோலை ஒன்று சிங்கப்பூரில் எழுதப்பட்டிருந்தால் அது பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி வாரங்களைச் சேர்ந்தது. அதே மாதத்துப் பினாங்குத் தாள் ஆக்கிரமிப்பைச் சேர்ந்தது. ஒரு கணக்கின் நடுப்பகுதி புரிய வேண்டுமானால் அதன் இரு முனைகளும் தேவைப்படும் என்பதால், 1939 முதல் 1948 வரை என்று வைத்துக்கொள்வது வசதியானது. போருக்கு முன் மாதந்தோறும் 5 வெள்ளி கட்டியவர் 1943இல் 50 வெள்ளி கட்டினார் என்றால், முந்தைய பக்கம் இல்லாமல் அந்த 50 வெள்ளிக்குப் பொருள் காண முடியாது.

அன்றைய வங்கிகளை அறிந்துகொள்ளுங்கள்

போருக்கு முன் இப்பகுதியில் மூன்று அடுக்குகள் இருந்தன. பெரிய வணிகத்துக்கு ஹாங்காங் ஷாங்காய் வங்கி, சார்ட்டர்ட் வங்கி, மெர்க்கன்டைல் வங்கி ஆகிய பிரிட்டிஷ் வங்கிகள். அடுத்த நிலையில் 1932இல் மூன்று வங்கிகள் இணைந்து உருவான ஓவர்சீஸ் சைனீஸ் பாங்கிங் கார்ப்பரேஷன், 1935இல் தொடங்கிய யுனைட்டட் சைனீஸ் வங்கி முதலான சீனர் வங்கிகளும், இந்தியர்களின் வங்கிகளும் இருந்தன. காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் 1937 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கடல்கடந்த தமிழர் வணிகத்தை நம்பியே பிறந்தது. மூன்றாவது அடுக்குதான் நம் சேகரிப்புக்கு முக்கியமானது: 1877 முதல் இயங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி, தோட்டங்களில் நடந்த கூட்டுறவுச் சிக்கனச் சங்கங்கள், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட், கோலாலம்பூர் அம்பாங் ஸ்ட்ரீட் ஆகிய தெருக்களில் கிட்டங்கி என்னும் கடைவீடுகளில் அமர்ந்து கடன் கொடுத்த செட்டியார் கடைகள்.

ஜப்பானியர் வந்ததும் பிரிட்டிஷ் வங்கிகள் எதிரிச் சொத்தாக மூடப்பட்டன, அவற்றின் ஐரோப்பிய அலுவலர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். யோக்கோஹாமா ஸ்பீஷி வங்கியும் தைவான் வங்கியும் பெரிய கணக்குகளைக் கைக்கொண்டன. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்கெனத் தெற்குப் பகுதி வளர்ச்சி வங்கி ஒன்றும் 1942இல் அமைக்கப்பட்டது. மூடப்பட்ட வங்கிகளில் கடன் வாங்கியிருந்தவர்களிடம் அந்தக் கடன்கள் ஜப்பானிய நோட்டில் வசூலிக்கப்பட்டன. உள்ளூர்ச் சீனர் வங்கிகள் சில மீண்டும் திறக்க அனுமதிக்கப்பட்டன. இந்த வரிசையை மனத்தில் வைத்திருந்தால், 1943 நாளிட்ட ஹாங்காங் ஷாங்காய் வங்கிக் காசோலை என்று ஒருவர் நீட்டும்போது உடனே சந்தேகம் எழும்.

இன்னொரு வகைத் தாளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1942இல் மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள் 5 கோடி வெள்ளி ‘அன்பளிப்பு’ தர வேண்டும் என்று ராணுவ நிர்வாகம் விதித்தது. அவர்களால் முழுத் தொகையையும் திரட்ட முடியாமல், குறைந்ததை யோக்கோஹாமா ஸ்பீஷி வங்கியிலேயே கடன் வாங்கி அதே நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். இதோடு தொடர்புடைய ரசீதோ கடிதமோ கிடைத்தால், தந்தவரை ஜப்பானியரின் ஆதரவாளர் என்று குறிப்பெழுதி வைக்காதீர்கள். அது மிரட்டிப் பெற்ற பணம்.

எந்தத் தாளில் என்ன பார்க்க வேண்டும்

சேமிப்புப் புத்தகம் தொடங்குகிறவருக்கு ஏற்றது. ஒவ்வொரு வரியிலும் நாள், தொகை, மீதி, எழுத்தரின் சுருக்கொப்பம், பெரும்பாலும் அஞ்சலக முத்திரை ஆகியவை இருக்கும். வாங்கும் முன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, 1941 டிசம்பருக்கு முந்தைய வாரங்களில் பணம் எடுக்கப்பட்டதா, எவ்வளவு மிச்சம் வைக்கப்பட்டது என்பது. குண்டு விழத் தொடங்கிய பிறகும் கணக்கில் பணத்தை விட்டுவைத்தவர்களும் உண்டு, கடைசிக் காசு வரை எடுத்தவர்களும் உண்டு. இரண்டாவது, ஆக்கிரமிப்புக் காலத்தில் அதே புத்தகம் தொடர்ந்ததா, புதிய புத்தகம் தரப்பட்டதா என்பது. மூன்றாவது, 1943க்குப் பிறகு வரும் சேமிப்புகள். புழக்கத்தில் பெருகிவிட்ட நோட்டுகளை உறிஞ்சுவதற்காக நிர்வாகம் அஞ்சலகச் சேமிப்பு இயக்கங்களை நடத்தியது. ஒவ்வொரு சமூகத்துக்கும் அலுவலகத்துக்கும் இலக்கு வைத்து வற்புறுத்தியது. ஆகவே அக்காலச் சேமிப்பு வரி ஒன்று சிக்கனத்தைக் காட்டுகிறதா, கட்டாயத்தைக் காட்டுகிறதா என்பதைத் தொகை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே அளவு தொகை, ஒரே நாளில், ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த பலர் புத்தகங்களில் பதிவாகியிருந்தால் அது வற்புறுத்தலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே நோக்கத்தோடு 1943 முதல் நடந்த ‘கோனான் சைக்கென்’ லாட்டரிச் சீட்டுகளையும், கிடைத்தால், சேமிப்புப் புத்தகத்தோடு சேர்த்தே வையுங்கள்.

பதிவு திடீரென்று நின்றுபோன புத்தகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தோட்டத் தொழிலாளர் ஒருவரின் கணக்கு 1943இல் நின்றால், ஜப்பானியர் கட்டிய சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு அவர் கொண்டுபோகப்பட்டார் என்று முடிவுகட்ட மனம் துடிக்கும். பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் அவ்வாறு கொண்டுபோகப்பட்டதும், பெருந்தொகையானோர் திரும்பாததும் உண்மைதான். ஆனால் அஞ்சலகம் தூரத்தில் இருந்ததாலோ, சேமிக்க ஒன்றும் மிஞ்சாததாலோ, புத்தகம் தொலைந்து மாற்றுப் புத்தகம் பெற்றதாலோகூடப் பதிவு நிற்கும். தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), கிராணி என்னும் தோட்ட எழுத்தர் எழுதிய கடிதம், குடும்பத்தார் வாய்மொழி என வேறொரு சான்று கிடைக்கும் வரை, ‘1943க்குப் பின் பதிவு இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

மணியார்டர் கூப்பன்கள் தமிழ்நாட்டு வாசகருக்கு மிக அருகில் கிடைப்பவை; விற்பனையாளர் கவனிக்காமல் குப்பையோடு தள்ளுபவையும் இவையே. மலாயாவுக்குப் போனவர் ஊருக்கு அனுப்பிய பணத்தோடு வந்த அந்தச் சிறு துண்டில், இரண்டு வரியில் ஒரு குடும்பத்தின் கதை இருக்கும்: தம்பி படிப்புக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு, கோயில் திருவிழாவுக்கு இவ்வளவு. 1942 பிப்ரவரியோடு இந்த வரவு அறவே நின்றது, கடிதமும் நின்றது. ஒரே வீட்டில் கூப்பன்களும், 1942 முதல் 1945 வரை உள்ளூரில் வாங்கிய கடனுக்கான புரோநோட்டுகளும், அடகுச் சீட்டுகளும் சேர்ந்து கிடைத்தால், அவற்றை எக்காரணம் கொண்டும் பிரித்து விற்க விடாதீர்கள். கடலுக்கு அப்பால் நடந்த போர் ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு சமையலறையை எப்படித் தொட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

செட்டியார் கடைத் தாள்கள் கடினமானவை, ஆனால் வளமானவை. பேரேடு, நாள்வழிக் குறிப்பு, ஐந்தொகை, வட்டிச் சிட்டை, தரிசன உண்டியல் (காட்டியதும் பணம் தர வேண்டிய சீட்டு), ஏஜென்டின் சம்பளச் சீட்டு என்று பல வகை உண்டு. தலைப்பில் ஆளின் முழுப்பெயர் இருக்காது. கடையின் விலாசம் என்று வழங்கும் முன்னெழுத்துகள்தான் இருக்கும். எனவே வாங்கும்போதே அந்த விலாசத்துக்குரிய ஊரையும் வீட்டையும் விற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கண்டுபிடிப்பது மிகவும் கடினம். சீனக் கடைக்காரர், மலாய் நிலக்காரர், தமிழ்க் கங்காணி என்று கடன்பட்டவர் அனைவரும் ஒரே பேரேட்டில் வருவதால், ஒரு சிற்றூரின் வரவுசெலவே அதில் அடங்கியிருக்கும். போருக்கு முன் நல்ல வெள்ளியில் கொடுத்த கடனை ஜப்பானிய நோட்டில் திருப்பி வாங்க நேர்ந்ததுதான் இந்தக் கடைகளின் பெரிய நட்டம். போர் முடிந்ததும் அந்த நோட்டுகள் செல்லாதவை ஆயின. அவ்வாறு அடைக்கப்பட்ட கடன் அடைந்ததாகுமா என்ற வழக்குகளுக்காகவே 1948இல் மலாயாக் கூட்டரசில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பேரேட்டில் 1944, 1945இல் பழைய கடன்கள் வரிசையாக அடைபடுவதைக் கண்டால், அதைச் செழிப்பு என்று படிக்காமல் இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும்.

பர்மாவைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் கணக்கு ரூபாயில் இருப்பதையும், 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகும் போர் வரும் வரை இந்திய ரிசர்வ் வங்கியே அங்கும் நோட்டு வெளியிட்டதையும் நினைவில் வைத்தால் போதும்.

கிழக்காசிய இந்தியர்களின் விடுதலை அமைப்பான இந்திய சுதந்திர லீகின் நன்கொடை ரசீதுகள் தனி ஆர்வத்துக்குரியவை. தோட்டத் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் கொடுத்த சிறு தொகைகளுக்கும் ரசீது உண்டு. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்த பிறகு நன்கொடை திரட்டுவது தீவிரமடைந்தது. 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கப்பட்டது. இந்த வங்கியின் பெயரில் இன்று விற்கப்படும் ‘நோட்டுகளில்’ மிகப் பல பிற்காலத்தில் ஆர்வலர்களைக் குறிவைத்து அச்சிடப்பட்டவை. புதியவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. எழுதப்பட்ட ரசீதுக்கு மதிப்பு உண்டு. புதிதுபோல் பளபளக்கும் லட்ச ரூபாய்த் தாளுக்கு இல்லை.

நாளைப் படிக்கப் பழகுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆக்கிரமிப்புக் காலத் தாளில் நான்கு வகை ஆண்டுக் கணக்குகள் வரக்கூடும். கிறிஸ்தவ ஆண்டு ஒன்று. ஜப்பானியப் பேரரசு தொடங்கியதாகக் கருதப்படும் ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கு மற்றொன்று. அதில் 2602 என்பது 1942, 2605 என்பது 1945. மூன்றாவது, ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சியாண்டான ஷோவா ஆண்டு; 17 என்பது 1942, 18 என்பது 1943, 19 என்பது 1944, 20 என்பது 1945. ஜப்பானிய முறையில் ஆண்டு முதலிலும் நாள் கடைசியிலும் வரும். ஆகவே முத்திரையில் 18.3.5 என்று இருந்தால் அது 1943 மார்ச் 5. அதை மார்ச் 18 என்று படிப்பவர்கள் ஏராளம். சில முத்திரைகளில் 2602 என்பது சுருங்கி 02 என்றும் நிற்கும்.

நான்காவது தமிழ் ஆண்டு. செட்டியார் கணக்குகளில் ஏப்ரல் நடுவில் தொடங்கும் ஆண்டுப் பெயரே தலைப்பாக நிற்கும். 1941இல் தொடங்கியது விஷு, 1942 சித்திரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப. ஆகவே ‘விஷு வருடம் மாசி மாதம்’ என்று எழுதிய பக்கம் 1942 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை உள்ளது. அதாவது சிங்கப்பூர் வீழ்ந்த உடனேயான வாரங்கள். அந்தப் பக்கத்தை முதலில் தேடிப் பாருங்கள்.

இந்தக் கணக்குகளைப் படிக்கச் சில குறிகளையும் மனனம் செய்துகொள்ள வேண்டும்: நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. தொகைகள் பெரும்பாலும் தமிழ் எண்களில் இருக்கும். பழைய முறையில் சுழியம் கிடையாது என்பதால் 150 என்பதை ௱௫௰ என்று எழுதியிருப்பார்கள். கையெழுத்தில் ௧ என்பதும் க என்ற எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வாரம் பயிற்சி செய்தால் கண் பழகிவிடும், பயப்பட வேண்டியதில்லை.

தொகையை மதிப்பிடுவது

போருக்கு முன் மலாயா வெள்ளி ஒன்று 2 ஷில்லிங் 4 பென்ஸுக்கும், இந்திய ரூபாய் ஒன்று 1 ஷில்லிங் 6 பென்ஸுக்கும் நிலையாகக் கட்டப்பட்டிருந்தன. அதன்படி 100 வெள்ளி ஏறக்குறைய 155 ரூபாய். மணியார்டர் கூப்பனில் உள்ள ரூபாயை அனுப்பியவரின் சம்பளத்தோடு ஒப்பிட இந்த விகிதம் உதவும்.

ஜப்பானிய நோட்டும் வெள்ளிக்கு வெள்ளி சமம் என்றுதான் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 1, 5, 10 வெள்ளி நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பின்னர் எழுத்துகள் மட்டுமே அச்சிட்டு, எண்ணே இல்லாமல் கணக்கற்று வெளியிட்டார்கள். மலாயா நோட்டுகளில் எம் என்ற ஆங்கில எழுத்தும், பர்மா நோட்டுகளில் பி என்ற எழுத்தும் முதலில் வரும். 100 வெள்ளி, 1000 வெள்ளி நோட்டுகள் பிற்பகுதியில் வந்தவை. அதனால் 1942இன் 10 வெள்ளியும் 1945இன் 10 வெள்ளியும் ஒன்றல்ல. தாளில் உள்ள தொகையை இன்றைய பணத்துக்கு மாற்றிக் காட்டும் முயற்சியில் இறங்காதீர்கள். அதே மாதத்தில் அரிசி என்ன விலை விற்றது என்பதை அந்நாள் செய்தித்தாள், வீட்டுச் செலவுக் குறிப்பு, வாய்மொழி நேர்காணல் ஆகியவற்றிலிருந்து எடுத்துப் பக்கத்தில் எழுதுவதே பயனுள்ளது. அதிகாரபூர்வ விலைக்கும் கறுப்புச் சந்தை விலைக்கும் இடையே இருந்த பள்ளத்தையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

1941 ஜூலை 1 என்று நாளிட்ட மலாயா நோட்டைக் கண்டு ஏமாறாதீர்கள். அது பொதுமக்கள் கையில் பரவலாகப் புழங்கியது பிரிட்டிஷார் திரும்பிய பிறகே.

தேடும் இடங்கள்

முதல் இடம் சொந்தக்காரர்களின் வீட்டுப் பரணும் தகரப் பெட்டியும்தான். மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்வந்த பெரியப்பா, தாத்தா யாரேனும் இருந்த வீடுகளில், நிலப் பத்திரங்களோடு வங்கித் தாள்களும் கட்டப்பட்டிருக்கும். அடுத்தது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகள். அங்கே கதவும் தூணும் பீங்கானும் கண்ணைப் பறிக்கும்; கணக்குப் புத்தகங்களைக் கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுப்பார்கள். மலேசியாவில் பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மாலின் வாரக் கடைசிச் சந்தையும், பினாங்கின் லோரோங் குலிட் சந்தையும் பெயர்பெற்றவை. சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்பட்டுவிட்டதால், அங்கே இப்போது நாணய, அஞ்சல்தலைக் கண்காட்சிகளை நம்ப வேண்டும்.

வாங்குவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம், மலேசிய தேசிய ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை இருக்கின்றன. சிங்கப்பூர் காப்பகத்தின் ஜப்பானியர் கால வாய்மொழி நேர்காணல்களில் தமிழில் பேசியவர்களும் உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தளத்தில் ஆக்கிரமிப்புக் காலத்து ‘ஷோனான்’ (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு இட்ட பெயர்) நாளிதழின் பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். வங்கி அறிவிப்பு, சேமிப்பு இயக்கம், லாட்டரி முடிவு என எல்லாம் அதில் நாள்வாரியாக இருப்பதால், உங்கள் தாளின் நாளையும் அதில் பார்த்துவிடுங்கள்.

போலிகளை அறிதல்

சேமிப்புப் புத்தகத்தைப் போலியாகச் செய்வது யாருக்கும் லாபமில்லாத வேலை. ஆனால் உண்மையான பழைய தாளின் மேல் புதிய முத்திரையைக் குத்தி விலையேற்றுவது நடக்கிறது. போருக்கு முந்தைய வெற்றுக் காசோலையில் ஜப்பானிய எழுத்து முத்திரை ஒன்றைப் பதித்தால் விலை பல மடங்காகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கும்போது, முத்திரை மை மடிப்புக் கோட்டின் பிளவுக்குள் வழிந்திருந்தால், தாள் மடிந்து பழையதான பிறகே முத்திரை குத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். புள்ளி புள்ளியாகப் பல நிறத் துகள்கள் தெரிந்தால் அது கணினி அச்சு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதில் வெளுப்பூட்டும் பொருள் கலந்திருக்கிறது. அந்த வகைத் தாள் பொதுப் புழக்கத்துக்கு வந்தது போருக்குப் பிறகு. பந்துமுனைப் பேனாவால் எழுதிய ‘1943’ கையெழுத்தையும் நம்ப வேண்டாம். அந்தப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கே 1945 அக்டோபரில்தான் வந்தது. உண்மையான தாளில் பிற்காலத்தில் யாரோ எழுதிய குறிப்பும் இருக்கலாம் என்பதால், அந்த ஒரு காரணத்தால் தாள் முழுவதையும் தள்ளிவிடவும் கூடாது.

பாதுகாப்பு

நம் ஊர் ஈரப்பதத்தில் தாளுக்கு எதிரி பூச்சியும் பூஞ்சையும்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த கட்டை மற்றவற்றோடு உடனே சேர்க்காமல், சில வாரங்கள் தனியே வைத்து வெள்ளிப்பூச்சி, கரையான் இருக்கிறதா என்று கவனியுங்கள். குண்டூசி, கிளிப் ஆகியவற்றைத் துருப்பிடித்த இடத்தில் தாள் கிழியாதபடி மெல்ல அகற்ற வேண்டும். ஆனால் ஊசியால் சேர்த்துக் குத்தியிருந்த தாள்கள் எவையெவை என்பதை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சேர்க்கையே ஒரு தகவல். செலோடேப்பும் லாமினேஷனும் அறவே கூடாது. பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் மையை உரித்துவிடும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளையும், அமிலமற்ற காகித மடிப்புகளையும் பயன்படுத்துங்கள். பேரேடுகளை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். வருவாய் முத்திரைத் தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் அஞ்சல்தலைப் பிரியர்களின் பழக்கம் நமக்கு ஆகாது. தலை ஒட்டியிருந்தால்தான் தாளுக்கு உயிர்.

பட்டியலும் சட்டமும்

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் கொடுத்து, பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் சிறிதாக எழுதுங்கள். பட்டியலில் வங்கி, ஊர், தாளில் உள்ளபடியே நாள், மாற்றிக் கணக்கிட்ட நாள், தொகை, நாணயம், பெயர்கள், முத்திரைகள், கிடைத்த இடம், விற்றவர் சொன்ன செய்தி ஆகியவை தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். விற்றவர் சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், அவர் சொன்னதாகவே பதியுங்கள். இரு பக்கமும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.

இணையத்தில் படம் போடும்போது கவனம் தேவை. கணக்குக்காரரின் பிள்ளைகளும் பேரர்களும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவரின் கடன், அடகு, கைநாட்டு ஆகியவற்றை ஊருக்குக் காட்டும் உரிமை தாளை வாங்கியதால் மட்டும் நமக்கு வந்துவிடாது. பெயரையும் கையெழுத்தையும் மறைத்துப் போட்டாலும் கணக்கின் போக்கு தெளிவாகவே தெரியும். குடும்பத்தாரைக் கண்டுபிடிக்க முடிந்தால் முதலில் அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பல நேரங்களில் பேரேட்டின் அடுத்த பாகம் அவர்களிடமே இருக்கும்.

இந்தியாவில் உள்ள சேகரிப்பாளர்கள் சட்டம் ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படிகளும் ஆவணங்களும் 75 ஆண்டைக் கடந்திருந்தால் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும்; தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. போர்க்காலத் தாள்கள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆகவே சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ உள்ள நண்பர் ஒருவர் காரைக்குடிப் பேரேட்டைக் கேட்டால், மூலத்தை அஞ்சலில் போடுவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். அதுவரை அவருக்கு ஸ்கேன் படங்களை அனுப்பலாம்.